ரவுட்டிங் கோளாறு: எங்கே தேடுவது?

நெட்வொர்க் ஆய்வகத்தில் டைனமிக் ரவுட்டிங் பயிற்சி நடக்கும் நாளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் புகார் இது: "நெய்பர் வந்துருச்சு சார், ஆனா பிங் போகல." அடுத்து நடப்பதும் வழக்கமானதே. கட்டளைகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரை ரீலோட் செய்வார்கள். சில நேரம் சரியாகிவிடும். ஏன் கெட்டது, ஏன் சரியானது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமலே அவுட்புட் ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும்.

கையால் எழுதிய ஸ்டாட்டிக் வழியில் தவறு இருந்தால் அது எழுதிய இடத்திலேயே கிடக்கும். ஆர்ஐபி, ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி, பிஜிபி போன்ற நெறிமுறைகளில் அப்படியில்லை. ஒரு ரவுட்டர் சொன்னதை இன்னொன்று ஏற்று, அதை மூன்றாவதற்குச் சொல்கிறது. அதனால் தவறு ஓரிடத்தில் இருக்கும், அறிகுறி வேறிடத்தில் தெரியும். இத்தகைய கோளாறை எந்த ஒழுங்கில் தேடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழி பிறக்கும் ரவுட்டரில் தொடங்கி, அது பயன்படும் ரவுட்டர்வரை அதைப் பின்தொடர்வதே உருப்படியான முறை. காரணம் தெரியுமுன் ரீலோட் செய்வது சாட்சியத்தை அழிப்பதாகும்.

இதற்குப் பழைய சான்று ஆர்பாநெட்டில் இருக்கிறது. 1980 அக்டோபர் 27 அன்று அந்த நெட்வொர்க் பல மணி நேரம் முடங்கிக் கிடந்தது. ஐஎம்பி என்று அழைக்கப்பட்ட அதன் ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் தன் இணைப்புகளின் நிலையை ஓர் அறிவிப்பாக எல்லாவற்றுக்கும் அனுப்பும். இரண்டு அறிவிப்புகளில் எது புதியது என்று அறிய 6 பிட் வரிசை எண் உண்டு. 63க்குப் பிறகு எண் மீண்டும் 0க்கு வந்துவிடும் என்பதால், வட்டத்தில் எது முன்னால் நிற்கிறது என்று பார்த்து ஒப்பிடுவார்கள். அன்று வன்பொருள் கோளாறால் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே ஐஎம்பியின் பெயரில் 44, 40, 8 என்ற மூன்று எண்களோடு அறிவிப்புகள் உலவத் தொடங்கின. இரும எண்ணில் 44 என்பது 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொரு பிட்டும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. வட்டக் கணக்கில் 40ஐவிட 44 புதியது, 8ஐவிட 40 புதியது, 44ஐவிட 8 புதியது. ஆக மூன்றுமே எப்போதும் புதியவை. ஐஎம்பிகள் அவற்றை ஓயாமல் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருந்தன. வேறு வேலைக்கு நேரமில்லை.

எரிக் ரோசன் 1981இல் எழுதிய ஆர்எஃப்சி 789 இந்த நிகழ்வை விரிவாகச் சொல்கிறது. ஒரு ஐஎம்பியை மட்டும் மறுதொடக்கம் செய்து பயனில்லை. பக்கத்து ஐஎம்பிகள் அதே அறிவிப்புகளை உடனே திரும்பத் தந்துவிடும். காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஓர் ஐஎம்பியின் நினைவகத்தைப் பிரதி எடுத்துப் பார்த்ததுதான். அதன் வரிசையில் ஒரே ஐஎம்பியின் அறிவிப்புகள் குவிந்து கிடந்தன. அந்த அறிவிப்புகளைப் புறக்கணிக்கும்படி நிரலைத் திருத்திய பிறகே நெட்வொர்க் மீண்டது. இன்றைய ஓஎஸ்பிஎஃப்பில் வரிசை எண் 32 பிட், அது வட்டமாகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் வயதும் செக்சம்மும் உண்டு. இவற்றையெல்லாம் பாடமாக மனனம் செய்யும் மாணவர், அவை என்ன விபத்தைத் தடுக்க வந்தவை என்று அறிந்தால், கோளாறு நேரத்தில் அந்த எண்களையே துப்பாகப் பயன்படுத்துவார்.

உதாரணத்துக்கு ரவுட்டர் ஐடி. மெய்நிகர் ரவுட்டரை நகலெடுத்து நகலெடுத்து ஆய்வகம் அமைக்கும்போது இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே ஐடி அமைந்துவிடுவது உண்டு. இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் உறவே ஏற்படாது, எளிதில் கண்டுபிடிக்கலாம். தள்ளித் தள்ளி இருந்தால் எல்லா நெய்பர்களும் ஃபுல் நிலையில் இருக்கும். வழிகள் மட்டும் தோன்றும், மறையும். ஒன்று அனுப்பிய அறிவிப்பை மற்றது தன்னுடையது என்று எண்ணி, அதைவிடப் பெரிய எண்ணோடு தன் பதிப்பை வெளியிடுகிறது. முதலாவது பதிலுக்கு இன்னும் பெரிய எண்ணோடு வருகிறது. சாதாரணமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அறிவிப்பின் வரிசை எண் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏறினால், வேறு எதையும் பார்க்குமுன் ஐடிகளைத்தான் பார்க்க வேண்டும்.

தேடும் முறைகளைப் பற்றிப் பாடநூல்கள் பலவிதமாகச் சொல்கின்றன. கேபிளில் தொடங்கி அடுக்கு அடுக்காக மேலே ஏறுவது ஒன்று. நடுவில் பிங் செய்து பாதியை ஒதுக்குவது இன்னொன்று. வேலை செய்யும் ரவுட்டரின் கான்ஃபிகரேஷனையும் செய்யாததையும் பக்கத்தில் வைத்து வேறுபாடு தேடுவது மற்றொன்று. நம் ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது மூன்றாவதுதான். ஓஎஸ்பிஎஃப் உறவே ஏற்படாத நிலையில் அது நன்றாகப் பயன்படும். ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஹலோ நேரம், டெட் நேரம், ஆத்தென்டிகேஷன், ஸ்டப் குறி ஆகியவை இருபுறமும் ஒத்திருக்க வேண்டியவை, ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதுதான் தவறு என்றால் ஒப்பீடு கைவிட்டுவிடும். ஒரே ஐடி அப்படிப்பட்டது. ஒரு ஈதர்நெட் பிரிவில் எல்லா ரவுட்டர்களுக்கும் பிரையாரிட்டி 0 கொடுப்பதும் அப்படித்தான்: அந்தப் பிரிவின் முதன்மை ரவுட்டரான டிஆர் ஆக யாரும் முன்வராததால் எல்லாம் டூவே நிலையிலேயே நின்றுவிடும்.

அடுக்கு அடுக்காக ஏறும் முறைக்கும் எல்லை உண்டு. அதைக் காட்ட எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கோளாறைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. ஆகவே அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஆர்1, ஆர்2 என இரண்டு ரவுட்டர்கள், நடுவில் ஓர் ஈதர்நெட் இணைப்பு. ஆர்1இன் எம்டியூ 1500, ஆர்2இல் யாரோ 1400 என்று வைத்துவிட்டார்கள். பிங் போகும், ஏனென்றால் சிஸ்கோ ரவுட்டரின் வழக்கமான பிங் வெறும் 100 பைட். ஹலோ பாக்கெட்டும் சிறியதுதான், அதுவும் போகும். உறவு டூவே நிலையைத் தாண்டும். அடுத்து இருவரும் தங்கள் தரவுத்தளத்தின் பொருளடக்கத்தைப் பரிமாற வேண்டும். அந்த டிபிடி பாக்கெட்டில் அனுப்புபவரின் எம்டியூ எழுதப்பட்டிருக்கும். ஆர்2 அதில் 1500 என்று கண்டதும், தன்னால் வாங்க முடியாத அளவு என்று நிராகரிக்கிறது. ஆர்2 அனுப்பும் 1400ஐ ஆர்1 தாராளமாக ஏற்கிறது. விளைவு, ஒருவர் எக்ஸ்ஸ்டார்ட்டிலும் மற்றவர் எக்ஸ்சேஞ்சிலும் சிக்கிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து உறவு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இங்கே ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் என்ற ஒரு கட்டளை போதும். நிலை எக்ஸ்ஸ்டார்ட்டில் நிற்கிறது என்றாலே ஹலோவில் ஒத்திருக்க வேண்டிய எல்லாம் ஒத்துவிட்டன என்று அர்த்தம். ஏரியா எண்ணையும் டைமரையும் மறுபடி சரிபார்ப்பது வீண் வேலை. அடுத்து 1500 பைட் அளவில், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் செய்தால் விஷயம் வெளிவந்துவிடும். டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ் போட்டால், அண்டை ரவுட்டரின் எம்டியூ பெரியது என்று ஆர்2 நேராகவே சொல்லும். நெய்பர் நிலை என்பது எதுவரை நல்லபடியாக நடந்திருக்கிறது என்பதற்கான சான்றிதழ். அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தேடும் இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இந்தக் கோளாறுக்கு இணையத்தில் எங்கும் கிடைக்கும் மருந்து, எம்டியூ இக்னோர் என்ற கட்டளை. அதைப் போட்டதும் உறவு ஃபுல் ஆகிவிடும். அது தீர்வல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இணைப்பின் அளவு மாறவில்லை, சோதனையை மட்டும் நிறுத்தியிருக்கிறோம். ஐந்தாறு வழிகள் உள்ள ஆய்வகத்தில் பெரிய பாக்கெட் எழாது, ஒன்றும் தெரியாது. தரவுத்தளம் பெருத்து, முழு அளவு அப்டேட் ஒன்று அனுப்பப்படும் நாளில் அது வழியில் தொலையும். அன்றைக்கு இந்தக் கட்டளையை யார் எதற்குப் போட்டார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஃபுல் என்று காட்டுவதாலேயே எல்லாம் சரி என்று நினைப்பதும் ஆபத்து. ஒரு பக்கம் நெட்வொர்க் டைப்பைப் பாயின்ட் டு பாயின்ட் என்றும் மறுபக்கம் பிராட்காஸ்ட் என்றும் வைத்தால், இரண்டுக்கும் ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி என்பதால் சிஸ்கோவில் உறவு தடையின்றி ஃபுல் ஆகும். தரவுத்தளமும் நிரம்பும். வழி அட்டவணையில் மட்டும் ஒன்றும் ஏறாது. ஒருவர் அந்த இணைப்பை நேரடி இணைப்பு என்கிறார், மற்றவர் பலர் சேரும் பொது இணைப்பு என்கிறார். வரைபடத்தை வரைந்து டைக்ஸ்ட்ராவின் முறைப்படி குறுகிய பாதை காணும்போது, போகும் பக்கமும் வரும் பக்கமும் பொருந்தாததால் அந்த இணைப்பே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. தரவுத்தளத்தை விரித்துப் பார்த்தால், அறிவிப்பை வெளியிட்ட ரவுட்டரை எட்ட முடியவில்லை என்ற வரி அங்கே இருக்கும். நெய்பர் அட்டவணையிலும் ஒரு துப்பு உண்டு: ஒரு பக்கத்தில் ஃபுல்லை அடுத்து டிஆர் தேர்தலின் தடயம் இருக்கும், மறுபக்கத்தில் வெறும் கோடு.

ஆர்ஐபியைப் பற்றி நீண்டு பேச இன்று அவசியமில்லை. 15 தாவலுக்கு மேல் போகாது, 30 நொடிக்கு ஒருமுறை முழு அட்டவணையையும் அனுப்பும், 180 நொடி சத்தமில்லை என்றால்தான் வழியைச் செத்ததாகக் கருதும். கேபிளைப் பிடுங்காமல் எதிர்முனையை மட்டும் முடக்கிவிட்டு, உடனே மாற்று வழி வரவில்லை என்று பதறும் மாணவருக்குத் தேவை மூன்று நிமிடப் பொறுமைதான். ஆனால் ஆட்டோ சம்மரி கோளாறை மட்டும் ஒவ்வொருவரும் ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும். 10.1.1.0 ஒரு மூலையிலும் 10.2.2.0 எதிர் மூலையிலும் இருக்க, நடுவில் 192.168 முகவரிகள் இருந்தால், இரு மூலைகளும் தங்களை 10.0.0.0 என்றே சுருக்கிச் சொல்லும். நடு ரவுட்டருக்கு ஒரே ஊருக்கு இரண்டு வழி. ஒரு பிங் போகும், அடுத்தது போகாது. விட்டு விட்டு வரும் கோளாறு என்றதும் கேபிளைச் சந்தேகிக்கும் பழக்கத்தை இந்த ஒரு பயிற்சி மாற்றிவிடும்.

இஐஜிஆர்பியில் ஹலோ நேரம் ஒத்திருக்க வேண்டியதில்லை; ஏஎஸ் எண்ணும் கே மதிப்புகளும் ஒத்திருக்க வேண்டும். ஓஎஸ்பிஎஃப் பழகியவர்கள் இதில் தேவையற்ற இடத்தில் தேடுவார்கள். இஐஜிஆர்பியின் பெயர்பெற்ற கோளாறு ஸ்டக் இன் ஆக்டிவ். ஒரு வழி போய்விட்டால் ரவுட்டர் அண்டையரிடம் மாற்று வழி கேட்கிறது. அவர்கள் தங்கள் அண்டையரிடம் கேட்கிறார்கள். வழக்கமான 3 நிமிடக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால் உறவு துண்டிக்கப்படும். பெரும்பாலும் பதில் தராத ரவுட்டர் குற்றவாளியல்ல. அது தனக்கு அப்பால் உள்ள ஒன்றின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. லாகில் வந்த பெயரோடு நிற்காமல், கேள்வி எங்கே போய் நின்றது என்று ஒவ்வொரு ரவுட்டராகப் போக வேண்டும்.

பிஜிபியின் குணம் வேறு. 1989இல் கர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் நாப்கின் தாளில் வரைந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த நெறிமுறை, அண்டையைத் தானாகத் தேடாது. நாம்தான் பெயர் சொல்ல வேண்டும். டிசிபி 179ஆம் போர்ட்டில் பேசுவதால், அடியில் டிசிபி கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஆக்டிவ் என்று காட்டினால் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். வெளி நிறுவனத்தோடு அமைக்கும் இபிஜிபியில் டிடிஎல் 1 என்பதால் லூப்பேக் முகவரிகளுக்கு இடையே உறவு அமைக்க மல்டிஹாப் கட்டளை வேண்டும்; எந்த முகவரியிலிருந்து பேசுவது என்பதையும் சொல்ல வேண்டும். உறவு ஏற்பட்ட பிறகு வரும் கோளாறுகள்தான் மாணவரை அதிகம் வாட்டுபவை. நெட்வொர்க் கட்டளையில் எழுதிய முகவரியும் மாஸ்க்கும் வழி அட்டவணையில் அப்படியே இருந்தால்தான் அது அறிவிக்கப்படும். ஒரே நிறுவனத்துக்குள் இயங்கும் ஐபிஜிபி மூலம் வந்த வழியின் நெக்ஸ்ட் ஹாப் வெளி நிறுவனத்தின் முகவரியாகவே இருக்கும். அதை எட்ட வழியில்லையெனில் அந்த வழி பிஜிபி அட்டவணையில் இருந்தும் தேர்வாகாது. லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளைக் கொண்டு ஆய்வகம் அமைப்போருக்கு இன்னொன்று. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212இன்படி, கொள்கை எதுவும் எழுதாத இபிஜிபி உறவில் வழிகள் வாங்கப்படவும் மாட்டா, கொடுக்கப்படவும் மாட்டா. பழைய சிஸ்கோ பாடத்தைப் பார்த்து எழுதிய கான்ஃபிகரேஷன் எஃப்ஆர்ஆரின் புதிய பதிப்புகளில் மௌனமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

இரண்டு நெறிமுறைகள் சந்திக்கும் எல்லையில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது, நம் பாடத்திட்டங்கள் மிகக் குறைவாகத் தொடுவதும் அதைத்தான். ஆர்ஐபியும் ஓஎஸ்பிஎஃப்பும் இரண்டு எல்லை ரவுட்டர்கள் வழியே வழிகளைப் பரிமாறுவதாக வைத்துக்கொள்வோம். ஆர்ஐபி பக்கத்தில் பிறந்த வழி முதல் எல்லையில் ஓஎஸ்பிஎஃப்புக்குள் நுழைகிறது. சுற்றிவந்து இரண்டாவது எல்லையை அடைகிறது. அந்த ரவுட்டருக்கு அதே வழி ஆர்ஐபியிலும் தெரியும். ஆனால் சிஸ்கோவில் ஆர்ஐபியின் நம்பகத் தூரம் 120, ஓஎஸ்பிஎஃப்பின் தூரம் 110. சிறிய எண் வெல்லும் என்பதால், பக்கத்திலேயே இருக்கும் ஊருக்கு உலகம் சுற்றிப் போகும் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. அதையே ஆர்ஐபிக்குள் திருப்பி ஊற்றினால் பாக்கெட் வட்டமடிக்கத் தொடங்கும். எந்த ரவுட்டரின் கான்ஃபிகரேஷனிலும் எழுத்துப் பிழை கிடையாது, எல்லா நெய்பரும் சரி. வழி எங்கே பிறந்தது, எந்த எல்லையில் உள்ளே வந்தது என்று பின்தொடர்ந்தால் மட்டுமே பிடிபடும். நுழையும் வழிக்கு டேக் இட்டு, அந்த டேக் உள்ளதைத் திரும்ப நுழையவிடாமல் தடுப்பதே தீர்வு. இஐஜிஆர்பியில் வெளியிலிருந்து வந்த வழிக்கு 170 என்று தனித் தூரம் வைத்திருப்பது இந்த விபத்தைக் கருத்தில் கொண்ட ஏற்பாடு.

வழி அட்டவணை சரியாக இருந்தும் பாக்கெட் போகாத கட்டம் ஒன்று உண்டு. லினக்ஸில் ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருந்தால், எல்லா வழியும் ஏறியிருக்கும், ஒரு பாக்கெட்டும் கடக்காது. போகும் பாதையும் வரும் பாதையும் வேறாக இருந்தால் ஆர்பி ஃபில்டர் என்ற கர்னல் சோதனை பாக்கெட்டைச் சத்தமின்றிக் கொட்டிவிடும். பிங் தோற்றால் திரும்பும் வழி இல்லாதிருக்கவும் கூடும். ஆகவே டிரேஸ்ரவுட்டை இரு முனையிலிருந்தும் போட வேண்டும், எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். மேலும் வழிகளில் நீண்ட ப்ரிஃபிக்ஸ்தான் எப்போதும் வெல்லும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க 208.65.153.0/24 என்ற வழியை எழுத, அது வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22 என்பதால், உலகின் பெரும்பகுதி சுமார் 2 மணி நேரம் யூடியூபுக்கான பாக்கெட்டை பாகிஸ்தானுக்கு அனுப்பியது. இதை நான்கு ரவுட்டர்களில் அப்படியே நடத்திக் காட்டலாம். இதைவிட நல்ல பாடம் இல்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, பேக்கெட் டிரேசர் அடிப்படை பழகப் போதும். ஆனால் அது உண்மையான ரவுட்டர் மென்பொருள் அல்ல; பல கட்டளைகளும் பல கோளாறுகளும் அதில் இல்லை. ஜிஎன்எஸ்3, ஈவ் என்ஜி ஆகியவை உண்மை மென்பொருளையே இயக்குவதால் கோளாறும் உண்மையாகவே வரும். அதற்கு உரிமமும் நல்ல கணினியும் வேண்டும். உரிமச் செலவுக்கு வழியில்லாத கல்லூரிக்கு லினக்ஸ், எஃப்ஆர்ஆர், கன்டெய்னர்லேப், வயர்ஷார்க் என்ற சேர்க்கையையே நான் பரிந்துரைப்பேன். எல்லாம் இலவசம், சாதாரணக் கணினியில் பத்து ரவுட்டர் ஓடும். எக்ஸ்ஸ்டார்ட்டில் சிக்கிய உறவை வயர்ஷார்க்கில் திறந்து, டிபிடி பாக்கெட்டில் எம்டியூ புலத்தைக் கண்ணால் பார்த்த மாணவர் அதை மறக்க மாட்டார்.

சிஸ்கோவின் சிசிஎன்பி தகுதியில் 2020 பிப்ரவரிவரை கோளாறு தேடலுக்கென்றே டிஷூட் என்ற தனித் தேர்வு இருந்தது. நம் செய்முறைத் தேர்வுகளில் அதற்கு ஒப்பான ஒன்று வேண்டும். ஆய்வகப் பொறுப்பில் உள்ள ஆசிரியர்களிடம் என் கோரிக்கை: தேர்வில் வெற்று ரவுட்டரைக் கொடுத்து அமைக்கச் சொல்வதோடு, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு நெட்வொர்க்கையும் கொடுங்கள். பிங் போனதா என்பதற்கு மதிப்பெண்ணில் சிறு பங்கு போதும். எந்த ரவுட்டரில் எந்த நிலையைப் பார்த்தார், அதிலிருந்து எதை ஒதுக்கினார், அடுத்து ஏன் அங்கே போனார் என்று மாணவர் எழுதி வைத்த குறிப்புக்குப் பெரும்பங்கைக் கொடுங்கள். ரீலோட் செய்வதற்கு முன் நெய்பர், தரவுத்தளம், வழி அட்டவணை மூன்றையும் சேமித்து வைப்பதை ஆய்வக விதியாகவே ஆக்குங்கள்.